சின்னவளுக்கு அக்கா யார்

பட்டன்காரி பேச ஆரம்பித்தால் அறையில் ஈ பறந்தாலும் கேட்கும். பெரியவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் மதியம், நூலகத்துக்கு மேலே இருக்கும் அறையில் கூடுவார்கள். சட்டை தைக்கும் தொழிற்சாலையின் மூன்றாவது மாடி எரிந்ததில் தப்பியவர்கள் பாதி, தப்பாதவர்களின் வீட்டார் பாதி. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைத்து, ஒரு காலி நூல்கண்டைக் கையில் கொடுப்பார் ஆலோசகர். அவர் டாக்டர் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் டாக்டரம்மாதான். நூல்கண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். தன் முறை வந்தால் பெரியவள் சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல அதை அடுத்தவளிடம் தள்ளிவிடுவாள். பத்து மாதமாக இதே கதை.

பட்டன்காரி அப்படித் தள்ளுகிற ஜாதியா? வாங்கினால் முழுசாகப் பத்து நிமிடம். தொழிற்சாலையில் அவள் பட்டன் ஓட்டை போடும் மெஷினில் இருந்தவள். ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பியவள். இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து சுருங்கியிருந்தது. பேசும்போது அந்தக் கையை மடியில் வைத்துக்கொள்வாள். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். இவளுக்குக் காட்டுவதற்கு ஒரு கை இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று பெரியவள் நினைத்துக்கொள்வாள். ஒருத்தியின் தழும்பைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். ஆனால் வெட்கப்பட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா?

அதுகூடப் போகட்டும். பட்டன்காரி சொல்வதெல்லாம் பெரியவளின் தங்கை சின்னவளைப் பற்றி. அந்தத் தீயில் போன பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. பத்தொன்பது வயது. அவள் மெஷினுக்கு நேர் பின்னால்தான் பட்டன்காரியின் மெஷின் இருந்தது.

"கத்திரிக்கோல் கழுத்துலயே தொங்கும். இருந்தாலும் நூலைப் பல்லாலதான் கடிப்பா," என்பாள் பட்டன்காரி. "ஏண்டின்னு கேட்டா, கத்திரிக்கோல் தேஞ்சு போயிடும்பா."

வட்டம் முழுக்கச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைக்கும். என் தங்கச்சி பல்லைப் பற்றிப் பேச நீ யாருடி என்று பெரியவள் உள்ளுக்குள் பொருமுவாள்.

வட்டத்தோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்துவிடுவாள். "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். யாருக்கு யார் அம்மா! தீ விபத்துக்கு அப்புறம் பாதித் தட்டு சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடாத அம்மா, அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்காருவாள். பட்டன்காரி நல்ல கையால் சிக்கெடுத்துத் தலை வாரிவிட, அம்மா கண்ணை மூடிக்கொண்டு சின்னவளின் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பெரியவள் சமையலறையில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவுவாள்.

"அவ சொல்லும்போது சின்னவ இங்கதான் எங்கேயோ நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் அம்மா ஒருநாள். "நீயும்தான் பக்கத்துலயே இருந்து வேலை பாத்த. ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா பெரியவளே?"

பெரியவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வாயைத் திறந்தால் முதலில் எது வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

தீப்பிடித்த மாதத்தில் மட்டும் அலாரம் பன்னிரண்டு தடவை சும்மா அடித்திருந்தது. முதல் சில தடவை எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு படிக்கட்டுக் கதவுக்கு ஓடினார்கள். அப்புறம் சூப்பர்வைசர் தண்ணீர்க் குழாய்ப் பக்கச் சுவரை ஒட்டித் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஊசிக்கு அடியில் அரைகுறைத் துண்டை விட்டுவிட்டு எழுந்தவர்கள், ஷிப்ட் முடியும் வரை கோட்டுக்குள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வளர்ந்த பெண்களுக்குப் பள்ளிக்கூடத் தண்டனை. சின்னவள் தீப்பிடித்த வாரத்தில் மட்டும் இரண்டு நாள் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்து கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை, மானம் போகிறது என்றுதான் அழுதாள். அதனால் மூன்றாவது மாடியில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அலாரம் அடித்தால், கையிலிருக்கும் துண்டை முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்குவார்கள்.

கட்டுத் தூக்குகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. தைத்த துண்டுகளைக் கட்டாகக் கட்டிக் கீழே கொண்டுபோகிறவர்களுக்குச் சூப்பர்வைசர் படிக்கட்டுக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டு, உடனே மறுபடியும் பூட்டுவார். துணி திருட்டுப் போகிறதாம். தீப்பிடித்த அன்றைக்கு அந்த முறை பெரியவளுக்கு, கட்டு அவள் தோளில் இருந்தது. கதவு திறந்திருந்தது. அலாரம் அடித்தது. சின்னவள் அக்காவைப் பார்த்துப் பாதி எழுந்தாள்.

"உக்காரு. அந்தக் காலரை முடிச்சிட்டு வா. மறுபடியும் போய்ச் சுவத்துல நிக்காதே," என்றாள் பெரியவள்.

இரண்டாவது மாடிக்கு இறங்குவதற்குள் புகை நாற்றம் வந்துவிட்டது. கட்டைப் போட்டுவிட்டு மேலே ஓடினாள். கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கையோடு சூப்பர்வைசர் இன்னொரு படிக்கட்டு வழியாக, அந்தக் கதவையும் பூட்டிவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தார், சாவி அவர் பாக்கெட்டில். கதவை எத்தனை நேரம் அடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

காலரை முடிச்சிட்டு வா என்று தான் சொன்னது யாருக்கும் தெரியாது என்றே பெரியவள் நம்பியிருந்தாள். நாற்பது மெஷின் ஓடும் இரைச்சலில் பின்னால் இருந்தவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

பத்தாவது மாதம் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கதவு பூட்டியிருக்கவே இல்லை, அலாரத்தை மதிக்காமல் பெண்கள் தாங்களாகவே உட்கார்ந்துவிட்டார்கள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அது நிலைத்துவிட்டால் பதினொரு பேரும் தங்கள் சாவைத் தாங்களே தேடிக்கொண்டவர்கள் ஆகிவிடுவார்கள். அதை மறுத்துப் பேச மூன்றாவது மாடியிலிருந்து ஒருத்தியை அனுப்பச் சொல்லி டாக்டரம்மாவுக்குக் கடிதம் வந்தது.

வட்டத்தில் எல்லோரும் பட்டன்காரியைப் பார்த்தார்கள். அவளோ நூல்கண்டைப் பெரியவளிடம் நீட்டினாள்.

"கூடப் பொறந்தவ இருக்கும்போது நான் எதுக்கு? நீயே பேசு."

"எனக்கு என்ன பேசத் தெரியும்? நல்லாப் பேசறவங்களே பேசட்டும்," என்றாள் பெரியவள்.

வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான், அதற்காக மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவளும் அவள்தான்.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. முன்னால் ஒரு நீள மேஜை, அதன் பின்னால் ஓய்வுபெற்ற நீதிபதி. பெரியவளும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பட்டன்காரி எழுந்து நின்று பூட்டு, புகை, ஜன்னல் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னாள். சின்னவள் நூல் கடிப்பதையும் விடவில்லை. நீதிபதிகூடப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பெரியவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். மரியாதையான ஆள், குரலை உயர்த்தவே இல்லை.

"அலாரம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அந்தப் பொண்ணுக்கும் கேட்டிருக்கும். ஆனா எழுந்திரிக்கல."

"எழுந்தா."

"அப்புறம் ஏன் உக்காந்தா? யாராவது உக்காரச் சொன்னாங்களா?"

பட்டன்காரி தலையைத் திருப்பினாள். மூன்றாவது வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் பட்டன்காரி. "காலரை முடிச்சிட்டு வான்னு."

"சூப்பர்வைசர் சொன்னாரா?"

"இல்ல. ஆனா அவரு என்ன பண்ணுவாருன்னா..."

"கேட்டதுக்கு மட்டும் சொன்னாப் போதும்மா. கம்பெனி ஆளு யாரும் உக்காரச் சொல்லல. கூட வேலை பாத்த நீங்கதான் சொன்னீங்க. அவ்வளவுதான் ஐயா." வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் இதையுமா எடுத்துக்கொண்டாள் என்றுதான் பெரியவளுக்கு முதலில் தோன்றியது. உலகத்தில் எவளாவது அடுத்தவள் சுமக்கிற பழியைப் பார்த்துப் பொறாமைப்படுவாளா? இவள் பட்டாள். அந்த வார்த்தை என்னுடையது, அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று பட்டாள்.

அதற்கு அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் இவளுக்குக் கேட்டிருக்கிறது. பத்து மாதமாக, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, பல்லிலிருந்து பாதம் வரை சின்னவளைப் பற்றிப் பேசியவள் இந்த ஒரு வரியை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் தலையை வாரும்போதும் சொல்லவில்லை.

பக்கத்தில் அம்மாவின் உடம்பு விறைத்தது. "இவளா," என்றாள் அம்மா மெல்ல. "இவ கையாலயா நான் தலை வாரிக்கிட்டேன்?"

அப்படியே சாய்ந்து பெரியவளின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். பத்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. அம்மாவின் தலை இத்தனை கனமா என்று இருந்தது. இதற்காகத்தானே பெரியவள் இத்தனை நாள் ஏங்கினாள்? இனிமேல் ஞாயிற்றுக்கிழமை செருப்புச் சத்தம் கேட்காது. அம்மா அவளுக்கே அவளுக்கு. ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். அதில்தான் அவளுக்குப் பத்து மாதப் பழக்கம் இருக்கிறதே.

வக்கீல் கோப்பைக் கட்டத் தொடங்கினார். கம்பெனி சொல்லாமலே உட்கார்ந்தாள் என்று சின்னவளின் பெயருக்கு நேரே எழுதப்போகிறார்கள்.

பெரியவள் அம்மாவின் தலையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்து நிமிர்த்தினாள். எழுந்து நின்றாள்.

"ஐயா, அதைச் சொன்னது அவ இல்ல. நான்."

"நீங்க யாரும்மா?" என்றார் நீதிபதி.

"செத்தவளோட அக்கா."

பட்டன்காரி உட்காரு, உட்காரு என்று கையால் ஜாடை காட்டினாள். வக்கீல் ஏதோ விதியைச் சொல்லி ஆட்சேபித்தார். நீதிபதி இரண்டு பேரையும் கவனிக்காமல் பெரியவளை முன்னால் கூப்பிட்டார். நூல்கண்டு இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னது நான்தான். ஏன் சொன்னேன்னு இவங்க கேக்க மாட்டாங்க. நீங்க கேளுங்க ஐயா," என்றாள்.

அவர் கேட்டார். பன்னிரண்டு பொய் அலாரத்தையும், சிவப்புக் கோட்டையும், சின்னவள் இரண்டு நாள் நின்றதையும், கட்டுக்காக மட்டும் திறந்து மூடும் பூட்டையும், டீ குடிக்கப் போன சாவியையும் சொன்னாள். பட்டன்காரி மாதிரி கோவையாக வரவில்லை. முன்னே பின்னே வந்தது, இடையில் இரண்டு தடவை நின்று போனது.

"அந்தக் கோடு இன்னும் அங்க இருக்கும். குழாய்ப் பக்கம் தீ போகல. நான் அதுல ஆறு நாள் நின்னிருக்கேன்," என்று முடித்தாள்.

"நான் நாலு நாள்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். யாரும் கேட்காமலேயே இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

நீதிபதி வெகுநேரம் எழுதினார். "நாளைக்குக் காலையில அந்தக் கோட்டை நானே போய்ப் பாக்கறேன்," என்றார். வக்கீல் கட்டிய கோப்பை மறுபடியும் அவிழ்த்தார்.

வெளியே நடைபாதையில் ஒரு மர பெஞ்ச் இருந்தது. அம்மா நடுவில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் பெரியவள், மறுபக்கம் சற்றுத் தள்ளிப் பட்டன்காரி. அம்மா இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது பெரியவளுக்கு. தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அம்மா கேட்டாள்.

"நீ அப்படிச் சொன்னதுக்கு, அவ என்ன சொன்னா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"'இன்னும் நாலு தையல்தான்க்கா. நீ போ, பின்னாடியே வரேன்'னா," என்றாள் பெரியவள்.

"சிரிச்சாளா?"

"சிரிச்சாம்மா. வாயில நூலு இருந்துச்சு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எனக்குக் கேக்கல," என்றாள் பட்டன்காரி, தனக்குத்தானே சொல்வதுபோல. "மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. அவ பின்பக்கம்தான் எனக்குத் தெரியும்."

பெரியவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். பத்து மாதமாகக் கண்ணாடியில் தினமும் பார்த்தது. எங்கோ ஒரு மூலையில் அற்பமாக ஒரு திருப்தி எழுந்ததை அவள் மறைக்க விரும்பவில்லை. நன்றாக இருந்தது, கொஞ்ச நேரம்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள் அம்மா.

பட்டன்காரி வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டு, பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெரியவள் அவளுக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.