இரண்டு இஸ்பேடு

லமியாவை வக்திக்குக் கட்டிக்கொடுக்க அவள் அம்மா நஸ்லி ஹானிம் ஒரே நிபந்தனைதான் வைத்தாள். கிளப்பின் செவ்வாய்க்கிழமை பிரிட்ஜ் போட்டியில் அவன் அந்த அம்மாவுக்கே ஜோடியாக உட்கார்ந்து, ஏலத்தில் தப்பில்லாமல் எழுந்திருக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை. "எதிராளி இஸ்பேடு கேட்டப்புறம் நானும் இஸ்பேடு கேட்டா என்ன அர்த்தம்?" என்றுதான் விசாரித்தாள்.

கையில் ஆடுதன் ஐந்து, கூடவே கிளாவரோ டைமனோ ஐந்து; இஸ்பேடு என்பது வெறும் சங்கேதம், ஜோடி பாஸ் வைக்காமல் வேறு ஜாதி கேட்க வேண்டும். வக்தி பல் தேய்க்கும்போதும் மெட்ரோவிலும் ஒரு மாதம் இதையே முணுமுணுத்தான்.

கடைசி ஆட்டம்வரை தப்பில்லை. அதில் ஓய்வுபெற்ற நீதிபதி ஃபிக்ரி ஒரு இஸ்பேடு என்று அட்டை வைத்தார். நஸ்லி ஹானிம் இரண்டு இஸ்பேடு வைத்தாள். நீதிபதியின் ஜோடி, பல் டாக்டர் சமீஹா, வக்தியிடம் விளக்கம் கேட்டாள். அது அவள் உரிமை.

"வருங்கால மாமியார் என்ன சொல்றாங்க, தம்பி?"

"ஆடுதன் அஞ்சு, டாக்டர். கிளாவர் இல்லாட்டி டைமன் அஞ்சு. இஸ்பேடுல ஆசையே இல்ல."

நஸ்லி ஹானிமின் முகத்தில் ஒரு ரோமமும் அசையவில்லை. அசைந்தால் சாடை காட்டியதாகிவிடும். இவர்கள் இனி எந்த ஜாதிக்கு ஓடினாலும் பிடிக்கலாம் என்று சமீஹா பாஸ் வைத்தாள். பரீட்சை முடிந்த நிம்மதியில் வக்தியும் பாஸ் வைத்தான்.

நீதிபதி மூச்சுகூட விடாமல் மூன்றாவது பாஸை வைத்தார். ஏலம் முடிந்தது. எதிராளியின் இஸ்பேடையே துருப்பாக வைத்து நஸ்லி ஹானிம் எட்டுப் பிடி எடுத்தாக வேண்டும். அவளிடம் இருந்த இஸ்பேடு ஒன்று. வக்தி விரித்த கையில் இரண்டு.

"இப்பத்தானே சொன்னே?"

"சொன்னேன், ஹானிம்."

"யாருக்குச் சொன்னே?"

"டாக்டருக்கு."

இரண்டே பிடி கிடைத்தது. முந்நூறு புள்ளி போயிற்று.

முடிவுத்தாள் வந்தது. மற்ற எல்லா மேசையிலும் நீதிபதி பக்கத்துக்காரர்கள் நாலு இஸ்பேடு கேட்டு நானூற்றிருபது வாங்கியிருந்தார்கள். முந்நூறோடு தப்பித்தது நஸ்லி ஹானிமும் வக்தியும் மட்டும்தான்.

"புலிம்மா உங்க மாப்பிள்ளை," என்றார் நீதிபதி. "வேணும்னே விட்டிருக்கான்."

"வேணும்னேவா விட்டே?" என்றாள் நஸ்லி ஹானிம்.

ஆமாம் என்றால் லமியா கிடைப்பாள். வக்தி உள்ளதைச் சொன்னான்.

"மறந்துட்டேன்."

அவள் ஒரு வேர்க்கடலையை உடைத்து நிதானமாக மென்றாள்.

"என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா, வேணும்னுதான் செஞ்சேன்னு சொல்லிட்டிருக்கார். நீ லமியாவைக் கட்டிக்கோ. செவ்வாய்க்கிழமைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வக்திக்கு இரண்டாவது சேதிதான் சுருக்கென்று தைத்தது.