மூன்று கொடிகள்

இஸ்திரிப் பெட்டி இன்னும் சரியாகச் சூடேறவில்லை. அவள் விரல் நுனியில் தண்ணீர் தொட்டு அதன் அடியில் தெளித்துப் பார்த்தாள், சத்தமே வரவில்லை. கூடத்தில் மூன்று கட்சிக்காரர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே கட்டிலில், எழுபத்தொன்பது வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாக்குவாதத்தில் கலந்துகொள்ளாமல் அவள் கணவர் படுத்திருந்தார்.

விடிகாலையில் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு மந்திரியின் பேட்டி. "பொய் சொல்றதுக்கும் பயிற்சி வேணும். இவன் படிக்காமலே பரீட்சைக்கு வந்துட்டான்" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவள் காபியோடு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. டாக்டரான மகள் நாடி பார்த்துவிட்டு, "அப்பா கஷ்டப்படலம்மா" என்றாள். அதற்கு நாடி பார்க்க வேண்டியதில்லை.

இப்போது மகள் உள்ளே வந்தாள். "நீதாம்மா வந்து தீர்த்து வைக்கணும். ஆளுக்கொரு கொடி கொண்டு வந்திருக்காங்க. மூணு பேரும் அவர் எங்க ஆளுங்கிறாங்க."

"மூணு பேர் சொல்றதும் நெசந்தானே?"

நிஜம்தான். முதல் கட்சி அவரை நான்கு முறை சட்டசபைக்கு அனுப்பியது. ஆற்றுப் பாலத்துக்கு அனுமதி தராமல் இழுத்தடித்தார்கள் என்று அங்கிருந்து வெளியே வந்தார். இரண்டாவது கட்சியில் இரண்டு முறை ஜெயித்து, பதினொரு மாதம் மந்திரியாகவும் இருந்தார். தலைவரின் மருமகன் கோப்புகளில் மூக்கை நுழைத்தபோது அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுக் கிளம்பினார். பிறகு சைக்கிள் கடை மாடியில் சொந்தக் கட்சி. "எனக்கு விழுந்த ஓட்டைவிட என் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் ஜாஸ்தி" என்று அதை அவரே மேடையில் சொல்லிச் சிரிப்பார். கட்சி தாவி என்று ஏசியவர்களுக்கும் பதில் வைத்திருந்தார்: "நான் நின்ன எடத்துலயேதான் நிக்கிறேன். கட்சிங்கதான் நகர்ந்து போச்சு."

தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் முத்திரை குத்திய அவள், அவருடைய மேடை எதிலும் ஏறியதில்லை. "வீட்டுக்கு ஒரு வாய் போதும்" என்பாள்.

அவருக்குப் போடத் தேய்த்த வெள்ளைச் சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, வாசலில் தள்ளுமுள்ளு தொடங்கியிருந்தது. ஒருவனுடைய சட்டைப் பை கிழிந்து தொங்கியது. இன்ஸ்பெக்டர் அவளிடம் குனிந்து, "சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கம்மா, ஊர்வலம் கிளம்பறப்போ கைகலப்பு ஆயிடும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் வக்கீல் வந்தார். ஆறு தேர்தலில் வேறொரு கட்சி சார்பில் அவள் கணவரை எதிர்த்து நின்றவர். ஆளுக்கு மூன்று வெற்றி. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"என்னய்யா, சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டே?"

பிறகு முதல் கட்சிச் செயலாளர் ஆரம்பித்தார்.

"அண்ணி, இருபது வருஷம் எங்களோட இருந்தாரு."

"மந்திரி ஆக்கினது நாங்க" என்றார் இரண்டாமவர்.

"எங்க கட்சிய அவர்தான் பெத்தாரு!" மூன்றாமவருக்குக் குரல் உடைந்தது.

"வக்கீல் ஐயா, பெரியவங்க நீங்களே சொல்லுங்க. மூணையும் போர்த்திடலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணையும் போர்த்தினா மனுஷனுக்கு வேர்த்துடும்யா" என்றார் வக்கீல். "உயிரோட இருக்கறப்பவே ஒரு கட்சியோட பாரம் தாங்காம எறக்கி எறக்கி வச்ச ஆளு. எங்க கொடியக் கிழிச்சதா இவர் மேல பழைய வழக்கு ஒண்ணு வேற இருக்கு. நானும் ஒண்ணு கொண்டு வரட்டா?"

அவள் சிரித்துவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. மகள் திகைத்து அம்மாவைப் பார்த்தாள், அவளுக்கும் வந்துவிட்டது. சுவரோரம் விறைப்பாக நின்றிருந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவரைப் பார்க்க வந்தவர்களின் வரிசை தெரு முனையைத் தாண்டி நின்றது. சுள்ளென்ற வெயில். ஒரு கிழவர் செய்தித்தாளைத் தலைக்குப் பிடித்திருந்தார். ஒருத்தி கைக்குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"கொடி எவ்வளவு நீளம்?"

"பன்னெண்டடி, அண்ணி."

"மூணுமா?"

மூன்று தலைகளும் ஆடின.

"அப்ப முனையோட முனை முடிஞ்சு வாசலுக்கு மேல பந்தலாட்டம் கட்டுங்க. அவரைப் பாக்க வந்தவங்க மயங்கி விழுந்தா என்னையில்ல கேப்பாரு?"

"அண்ணி! அவங்க கொடியோட எங்க கொடியையா?"

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் அசைந்தவர் மூன்றாமவர்; குனிந்து தன் கொடியைப் பிரித்தார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். முதல் முடிச்சு நழுவியது. வக்கீல் எழுந்து போய், "கட்சியத்தான் சேக்கத் தெரியல, துணியையாவது ஒழுங்கா முடிங்கய்யா" என்று தானே இழுத்துக் கட்டினார்.

நிழல் விழுந்ததும் வரிசை நெருங்கி வந்தது. நெருங்கியவர்கள் பேசத் தொடங்கினார்கள். பிரசாரத்தில் அவர் தப்பான வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டுவிட்டு வந்த கதையை ஒருவர் சொன்னார். சட்டசபையில் தூங்கிப்போய், விழித்ததும் தன் தீர்மானத்தையே எதிர்த்த கதையை இன்னொருவர் சொன்னார். மூன்று நிறத்து நிழலுக்கடியில் ஜனங்கள் வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்தார்கள். மூன்று மணிக்கு, தேய்த்த வெள்ளைச் சட்டையில், எந்தக் கொடியும் இல்லாமல் அவர் கிளம்பினார். தோள் கொடுக்க இடம் கிடைக்காமல் இரண்டாம் கட்சிச் செயலாளர் கூடவே ஓடினார்.

எல்லாம் முடிந்து அவளும் மகளும் வீடு திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவளே எடுத்தாள்.

"தலைவர் வீடா? அவரைக் கூப்பிடுங்க." கோபக் குரல்.

"அவர் இல்லியே. என்ன விஷயம்?"

"எப்பத்தான் இருந்தாரு? எங்க தெரு விளக்கு மூணு மாசமா எரியல. ஓட்டுக் கேக்க மட்டும் வீடு தேடி வரத் தெரியுதுல்ல?"

அவர் பதவியை விட்டுப் பதினொரு வருடமாகிறது. பேச்சு காதில் விழுந்த மகள் வேகமாக வந்து கையை நீட்டினாள். அவள் வேண்டாம் என்று தலையசைத்து, காலால் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவர்கிட்ட நல்லா உறைக்கிற மாதிரி சொல்லுங்கம்மா!"

"ம்" என்றாள். "சொல்லுங்க. அப்புறம்?"