பல் டாக்டருக்குக் குளிர், கண் டாக்டருக்கு வியர்வை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டரின் நாற்காலியில். அறை அப்படிக் குளிர்ந்தது. என் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டதில் அவரால் வாய்க்குள் எதையும் விட முடியவில்லை. அவரே ஸ்வெட்டர் போட்டிருந்தார். [போர்வை என்றுதான் முதலில் எழுதினேன். யார் நோயாளி என்று குழப்பம் வந்தது.] மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

"கட்டடங்களும் சிந்திக்கும் இந்தக் காலத்தில், மனிதன்..." வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

சரி, இப்படி: ஒரு கட்டடத்தின் குளிர், சூடு, விளக்கு எல்லாவற்றையும் இணையப் பக்கம் வழியாக இயக்கும் கன்ட்ரோலரைப் பொருத்த ஒரு டெக்னீஷியன் வந்தாள். கீழே அண்ணன், பல் டாக்டர். மேலே தம்பி, கண் டாக்டர். கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, பேச்சை நிறுத்தியவர்கள்.

"என் ரூம் என் போன்லதான் இருக்கணும். அவன் கை படக்கூடாது," என்றார் அண்ணன். தம்பியும் அதையேதான் சொன்னார், 'அவன்' வந்த இடத்தில் 'அந்தாளு' போட்டு.

லேப்டாப்பில் அறைகளுக்குப் பெயர் வைக்கும்போது அவளுடைய மேனேஜர் போனில் கூப்பிட்டார். "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, பழையபடி அலாரத்துக்கு பேட்டரி மாத்தப் போயிடுவ."

அந்தப் பதற்றத்தில் பெயர்கள் இடம் மாறிவிட்டன.

3

அண்ணனுக்குக் குளிர்ந்தது, தன் போனில் சூட்டைக் கூட்டினார். கூடியது தம்பியின் அறையில். தம்பி வியர்த்துப்போய்த் தன் போனில் குறைத்தார். குறைந்தது அண்ணனின் அறையில். அண்ணன் இன்னும் கூட்டினார்.

மேலே கண்ணாடிகளில் ஆவி படிந்து, வந்தவர் எவருக்கும் பலகையின் முதல் எழுத்துகூடத் தெரியவில்லை. தம்பி எல்லாருக்கும் பவரைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

4

புகார் போனதும் டெக்னீஷியன் ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்ததும் தன் தப்பு புரிந்தது. பெயர்களை மாற்றி 'சேமி' அழுத்தினால் போதும். [அழுத்தியிருப்பாள். கதை முடிந்துவிடுமே என்று நான்தான் அண்ணனை எழுப்பிவிட்டேன்.]

ஸ்வெட்டரோடு அவர் தடதடவென்று மாடியேறினார். அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"வேணும்னே பண்றியாடா?"

"நானா? இங்க நான் வெந்துட்டிருக்கேன். உன் போனைக் காட்டுண்ணா."

காட்டினார். தம்பி அதில் ஒரு புள்ளி குறைத்தார். தலைக்கு மேலே ஜில்லென்று காற்று வந்தது. இருவரும் போன்களை மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அப்போ உன் ரூம் என்கிட்ட இருக்கு," என்றார் அண்ணன். "எவ்வளவு வேணும் உனக்கு?"

"இன்னும் கொஞ்சம் குறை. போதும், போதும். உனக்கு?"

"கொஞ்சம் கூட்டு. எனக்குத்தான் சைனஸ் இருக்கே."

"இன்னுமா சரியாகல?"

5

பிறகு அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாங்க பேசிக்கணும்னுதான் இப்படி செட் பண்ணீங்களா?"

"ஆமா சார்" என்று எழுதினேன். அவள் முகத்தில் ஒரு ஞானியின் களை வந்துவிட்டது, அந்த வரியை அடித்தேன். "இல்ல சார், என் தப்பு" என்று எழுதினேன். அறைகளைச் சரிசெய்தாள், இருவரும் தத்தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதையும் அடித்தேன். யோசிக்க எனக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கட்டும் என்று அவளைத் தும்ம வைத்தேன்.

தும்மல் முடிந்துவிட்டது. இருவரும் அவளையே பார்க்கிறார்கள். என்ன சொல்வது என்று அவள் உங்களைப் பார்க்கிறாள்.