ஓட்டையில்லாத பென்னி

புதுப் பென்னியில் ஓட்டை இல்லை. சனிக்கிழமைக் கூலியில் முப்பது பென்னி கைக்கு வந்தபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

வெள்ளைக்காரன் காலத்துப் பென்னிக்கு நடுவில் வட்டமாக ஓட்டை இருக்கும். கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படகில் ஏற்றும் கோகோ மூட்டையோடு அலையில் இறங்கலாம், ஒன்றும் விழாது. வீட்டில் வைக்க எங்களுக்குப் பூட்டு கிடையாது. துணியில் முடிந்தால் அலை அவிழ்த்துவிடும். சுதந்திரம் வந்து பதினாறு மாதம் கழித்து வந்த இந்தக் காசில், ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் நாட்டுத் தலைவரின் தலை இருந்தது.

"இதை எவ வாங்குவா?" என்றாள் என் மனைவி தெதெய். அக்ரா துறைக்குப் போகும் சந்தில் கென்கி என்ற சோளமாவு உருண்டை விற்கிறவள். "கைக்கு ஓட்டை தட்டுப்பட்டாத்தான் பென்னி. இது சட்டைப் பொத்தான் மாதிரி வழவழன்னு இருக்கு."

ஞாயிறு மதியம் படகு ஆணியும் சுத்தியலும் எடுத்து உட்கார்ந்தேன். முப்பது காசிலும் நட்டநடுவில் ஓட்டை. ஆணி தலைவரின் காதுக்கும் மூக்குக்கும் இடையே இறங்கியது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கோத்து முடிக்கும்போது பக்கத்து வீட்டு ஒகாய் வந்தான். என்னோடு மூட்டை தூக்குகிறவன். கயிற்றையே பார்த்தான்.

"என்ன மச்சான், ஞாயித்துக்கிழமையும் கொல்லன் வேலையா? சுத்தியக் குடு. கூரைத் தகரம் ஆடுது."

கொடுத்தேன். அவன் போன பிறகுதான் உறைத்தது. ஒகாய் வீட்டுக் கூரை ஓலை.

செவ்வாய்க்கிழமை கட்சிக் கிளைச் செயலாளர் லார்யே கென்கி வாங்கினார். தெதெய் கொடுத்த சில்லறையில், நான் அவளுக்குக் கழற்றிக் கொடுத்திருந்த பென்னி ஒன்று போய்விட்டது. அவர் அதை வெயிலில் தூக்கி, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாராம்.

"தலைவர் தலையில ஆணி அடிச்சது யாரு?"

"யாருக்குத் தெரியும் ஐயா? நூறு பேர் காசு எங்கையில வந்து போகுது."

கென்கியை அப்படியே வைத்துவிட்டு, காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். வழக்கே இல்லாமல் ஐந்து வருஷம் உள்ளே வைக்கும் சட்டம் அந்த மாதந்தான் வந்திருந்தது.

சாயங்காலம் குழாயடியில் லார்யே ஒகாய்க்கு சிகரெட் பற்றவைத்தார். இருவரும் சிரித்தார்கள். ஒகாய் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் காலை தலையில் மூட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு கையால் கயிற்றை அவிழ்த்து விட்டேன். இருபத்தொன்பது பென்னியும் கடலுக்குப் போனது.

மதியம் லார்யே இரண்டு போலீஸ்காரர்களோடு கரைக்கு வந்தார். எங்களை வரிசையாக நிறுத்தி இடுப்புக் கயிறுகளைப் பார்த்தார். எல்லாம் பழைய பென்னி. ஒகாயின் கயிற்றில் மட்டும் பதினொரு புதுக்காசு. எல்லாவற்றிலும் ஓட்டை. என் சுத்தியல் போட்டது.

"கோக்கத்தான் ஐயா அடிச்சேன்," என்றான் ஒகாய், சிரிக்கப் பார்த்து. "தலைவர் மேல எனக்கென்ன கோவம்? நான் ஓட்டுப் போட்டவன்."

"ஓட்டும் போட்டே, ஓட்டையும் போட்டியா?"

போலீஸ்காரன் அவன் தோளைப் பிடித்தான். அப்போது ஒகாய் என் இடுப்பைப் பார்த்தான். அந்த வரிசையில் வெறும் இடுப்போடு நின்றவன் நான் ஒருவன்தான்.

"உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு," என்றான் மெதுவாக. மச்சான் என்று சொல்லவில்லை.

நானும்தான் அடித்தேன் என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. அவனைக் கூட்டிப்போனார்கள்.

சாயங்காலம் ஒகாயின் மனைவி கோர்லே வந்து சுத்தியலை எங்கள் வாசலில் போட்டாள். தெதெய் அதை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நெசத்தச் சொல்லு. நீதான் போய்ச் சொன்னியா?"

"கயித்தக் கடல்ல விட்டுட்டேன், அவ்வளவுதான்."

"முப்பது காசை எவனாவது கடல்ல விடுவானா?"

காலையில் மூட்டைக் குவியல் பக்கம் போய்க் குனிந்து நின்றேன். கோகோ மூட்டையைத் தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். என் பின்னால் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஏற்றிவிட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கிப் போனார்கள். நான் குனிந்தபடியே நின்றேன்.