பதினாலு ஓட்டு

தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் நின்ற நர்மதாவுக்குக் கை எழவில்லை.

"அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணு சாமி. உன்ற ஓட்டு அத்தைக்குத்தான் உளுந்துச்சுன்னு சொல்லு," என்றார் மாமனார் அருணகிரி. குரல் கனிவாக இருந்தது. கண்கள் அப்படி இல்லை.

நாமகிரிப்பேட்டைக்கு வடக்கே உள்ள அந்த ஊராட்சியில் தலைவர் பதவி இம்முறை பெண்களுக்கு வந்திருந்தது. மஞ்சள் மண்டி அருணகிரி தன் மனைவி சாலம்மாளை நிறுத்தினார். எதிர்த்து நின்றவள் காலனியைச் சேர்ந்த சௌந்திரம், நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். காலனிக்கும் தினமும் குடிநீர், சுடுகாட்டுக்குப் பாதை என்று சொல்லி வீடு வீடாக ஓட்டுக் கேட்டாள். முப்பத்தோரு ஓட்டில் தோற்றுப்போனாள்.

மனைவி ஜெயித்த மறுநாளே காலனிக்குப் போகும் குழாயை அருணகிரி அடைக்கச் சொன்னார். அப்போதும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவருடைய தெரு ஓட்டுப் போட்ட பெட்டியிலேயே சௌந்திரத்துக்குப் பதினாலு ஓட்டு விழுந்திருந்தது. யார் அந்தப் பதினாலு பேர்? மூன்று நாளாகத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அவர் வாசலுக்கு வந்து கற்பூரம் அடித்துவிட்டுப் போனார்கள். பொய்ச் சத்தியம் செய்தவர்கள் வீடுவரை அழுதுகொண்டே நடந்தார்கள்.

இப்போது சொந்த வீட்டின் முறை. நர்மதா சௌந்திரத்துக்குத்தான் போட்டிருந்தாள். அவள் கணவன் நந்தகுமார் வாசற்படியில் தலையைக் குனிந்து நின்றான்.

அடுப்படியிலிருந்து சாலம்மாள் வந்தாள்.

"அவள உடுங்க. அந்தப் பதினாலுல ஒண்ணு நானுங்க."

அருணகிரி சிரித்துவிட்டார். "கிறுக்குப் புடிச்சிருச்சா? நின்னவளே நீதான புள்ள?"

"நீங்க நிக்கச் சொன்னீங்க, நின்னேன். ஓட்டு என்னுதுங்க. சௌந்திரத்துக்குப் போட்டேன்."

நான்கு வருடங்களுக்கு முன் அவர்களுடைய மகள் யுவஸ்ரீ காலனிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அரிவாளோடு தேடி வந்த ஆட்களின் கண்ணில் படாமல் இருவரையும் காவல் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் சௌந்திரம். மகள் திருப்பூரில் உயிரோடு இருக்க, அருணகிரி மொட்டையடித்துக்கொண்டு அவளுக்குக் கருமாதி செய்தார். ஊர் பார்க்க, "எம்புள்ள செத்துப்போயிட்டா" என்று சாலம்மாளை மூன்று முறை சொல்ல வைத்தார். சொன்ன தன் வாயை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. சொல்ல வைத்தவரையும்தான்.

அருணகிரி கையை ஓங்கினார்.

"அடிங்க. நாளைக்குப் பதவிப் பிரமாணம். கன்னத்துல வெரலு பதிஞ்சிருந்தா ஆபீசருங்க கேப்பாங்க. நான் சொல்லுவேன்."

கை இறங்கியது. "அப்படீன்னா எழுதிக் குடுத்துட்டு எறங்கீரு!"

"எறங்க மாட்டனுங்க. அஞ்சு வருசமும் அந்த நாற்காலிலதான் இருப்பேன். நீங்க தெனமும் பாக்கோணும்."

மறுநாள் பதவிப் பிரமாணம் முடிந்ததும் முதல் கூட்டம். ஊராட்சி அலுவலக வாசலில் சௌந்திரம் இருபது பெண்களோடு மனுவைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். சாலம்மாள் அருகில் வந்ததும் சொன்னாள்:

"நேத்து உங்க வாசல்ல பேசுனது தெருவுக்கே கேட்டுருச்சு. நீங்க எனக்குப் போட்டது ஊரெல்லாம் தெரியுமுங்க தலைவரம்மா. அதுக்காவ உங்கள உட்டற மாட்டோம். தோத்தவங்கன்னு ஊட்டுல உக்காரவும் மாட்டோம். பாதை வர்ற வரைக்கும் வருவோமுங்க."

"வாங்க சாமி. நீங்க வராம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

உள்ளே, தலைவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நாற்காலியைப் போட்டு அருணகிரி உட்கார்ந்திருந்தார். கோப்புகள் அவர் மடியில் இருந்தன. சாலம்மாள் செயலாளர் அன்பரசுவைப் பார்த்தாள்.

"மெம்பரா இல்லாதவங்க கூட்டத்துல உக்காரலாமுங்களா?"

"கூடாதுங்கம்மா," என்றான் அன்பரசு.

"அப்ப அவர எந்திரிக்கச் சொல்லுங்க. காலனிக் கொழாயவும் இப்பவே போயித் தொறந்துட்டு வரச் சொல்லுங்க."

மனைவி அவரையே நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அருணகிரி எழுந்தார், கோப்புகளை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார். வாசலிலிருந்து கத்தினார்:

"நான் இவகிட்டப் பேசோணும்!"

சாலம்மாள் நிமிரவில்லை. "மனு எழுதிக்கிட்டு வரிசைல நிக்கச் சொல்லுங்க."

வரிசையின் கடைசியில் நின்ற காலனிப் பெண் திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் அவருக்கு இடம் விட்டு ஓரடி முன்னே நகர்ந்துகொண்டாள்.