பத்தைக் கழித்து எழுதிய வாசல்

எங்கள் வீட்டில் அளப்பது அவர், எழுதுவது நான். கல்யாணமாகி இருபது வருஷமாக இதுதான் ஏற்பாடு. என் வீட்டுக்காரர் மரவேலை செய்கிறவர். உளியைப் பிடித்தால் ஒரு நூல் பிசகாது, பேனாவைப் பிடித்தால் அவர் எழுதியது அவருக்கே புரியாது. நான் தையல்காரி. அளவு எழுதியே விரலில் காய்ப்பு ஏறியவள்.

அவருடைய டேப்புக்கு முனை கிடையாது. முதல் பத்து சென்டிமீட்டரை எந்தக் காலத்திலோ ரம்பம் தின்றுவிட்டது. புதிது வாங்கச் சொல்லி நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். "பத்துலேர்ந்து ஆரம்பிச்சா போச்சு, இதுக்கு எதுக்கு புதுசு" என்பார். ஆகவே டேப்பில் தெரிவதை அவர் அப்படியே சொல்வார், நான் பத்தைக் கழித்து எழுதுவேன். அறுபது என்றால் ஐம்பது. இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகக் கழித்துக்கொள்ளும்.

அவர் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலையை இந்த வருஷம் மூடினார்கள். அவர் கையாண்ட இழைப்பு மெஷினை முதலாளி அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சரி, கொல்லையில் வீட்டை ஒட்டாமல் தனியாக ஒரு பட்டறை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒட்டிக் கட்டினால் மரத்தூள் என் துணிகளில் விழும், அப்புறம் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியும். இடமும் தாராளமில்லை. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் மதில். மெஷின் அகலத்துக்கு மேல் ஆறு சென்டிமீட்டர் விட்டு வாசல் வைத்தால் போதும், மிச்சச் சுவரில் பலகைகளைச் சாய்த்துக்கொள்ளலாம் என்றார்.

கட்டுவதற்குக் கொத்தனார் வேண்டும். கொத்தனார் என்றால் என் தம்பி. அங்கேதான் சிக்கல்.

ஒட்டடைக்குச்சி என்றுதான் அவனைக் கூப்பிடுவோம், அவ்வளவு உயரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சமையலறை மேடையைக் கட்டினான். அளவு கேட்டானா, இல்லை. கண்ணளவிலேயே கட்டி முடித்தான், தன் உயரத்துக்கு. நானோ அவன் தோளுக்கும் எட்டாதவள். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று போனவன் போனவன்தான். நானும் அவனை அழைக்கவில்லை. காலடியில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்று இரண்டு வருஷம் சமைத்தேன். எனக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு அவன். அவன் இல்லாத இரண்டு வருஷமும் வீடு வீடாகவே இல்லை. அதை வெளியில் சொல்கிற வாய் எனக்கில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர்தான் போய்க் கூட்டிவந்தார். அவன் கொல்லைப்பக்க வழியாகவே வந்தான். அவர் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்து ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். நான் தையல் மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. என்ன பொட்டலம் என்று கேட்கவும் இல்லை. கேட்டால் சமாதானத்துக்கு முதலில் நான் இறங்கினதாக ஆகிவிடாதா?

மறுநாள் நானும் அவரும் தொழிற்சாலைக்குப் போய் மெஷினை அளந்தோம். அவர் அந்தப் பக்கம் குனிந்து அளந்து சொல்ல, நான் இந்தப் பக்கம் நின்று எழுதினேன். அகலம் நூற்று முப்பத்தெட்டு. அதோடு ஆறு, வாசல் நூற்று நாற்பத்து நான்கு. அறைக்கும் ஜன்னலுக்கும் கொல்லையில் அவர் அளந்து சொன்னதையும் அதே தாளில் எழுதினேன். அந்தத் தாளைத் தம்பியிடம் நீட்டி, "உன் கண்ணளவெல்லாம் இங்க வேணாம். இதுல இருக்கிறதை மட்டும் கட்டு" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு இது.

சுவர் இடுப்பளவு வந்தபோது வந்து நின்றான்.

"அக்கா, வாசல் கொஞ்சம் சின்னதா தெரியுது. ஒரு சாண் கூட்டிக்கவா?"

"ஆரம்பிச்சிட்டியா? தாள்ல என்ன இருக்கு?"

"நூத்தி நாப்பத்திநாலு."

"அதைக் கட்டு."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். இப்படிப் பேசினாலும், மத்தியானம் அவனுக்குச் சோறு போடும்போது கை ஒரு கரண்டி கூடத்தான் போட்டது. மெதுவாகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் வந்த அன்று வானம் கறுத்துக் கிடந்தது. லாரியிலிருந்து கிரேன் அதைத் தூக்கி வாசலுக்கு முன் உருளைகள்மேல் இறக்கியது. அதன் அடிப்பாகம் ஒரே வார்ப்பு, கழற்ற வழியில்லை. நான்கு பேர் தள்ளினார்கள். வாசலில் மோதி நின்றது. கொஞ்சம் திருப்பித் தள்ளினார்கள், மறுபடி மோதியது. இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் இடித்தது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினெட்டு வருஷப் பிழைப்பு வாசலில் நிற்கிறது, மேலே மழை வரப்போகிறது.

கை கால்தான் ஓடவில்லையே தவிர, வாய் ஓடியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா. தாளைப் பாத்துக் கட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

"அக்கா, ஒரு நிமிஷம்..."

"மேடையிலதான் புத்தியைக் காட்டினே, இப்போ மாமா பொழப்புலயும் காட்டிட்டியா? நான் பேசினதுக்குப் பழி வாங்குறியா?"

"அதில்லக்கா, நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கிளம்பு."

கிரேன்காரர் வேறு பக்கம் பார்த்தார். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தலைகள் இரண்டு தெரிந்தன. தம்பி என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு திரும்பி, தெருவில் நிறுத்தியிருந்த தன் வண்டியை நோக்கி விறுவிறுவென்று நடந்தான். போகட்டும் என்று வாய் சொன்னது.

"அவன் எவ்வளவு வெச்சிருக்கான்னு அளங்க" என்றேன்.

அவர் டேப்பை இழுத்து வாசலில் பிடித்தார். "நூத்தி நாப்பத்திநாலு."

"அப்போ நூத்தி முப்பத்திநாலு. பாத்தீங்களா, முழுசா பத்தை முழுங்கியிருக்கான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எதுக்குக் கழிக்கிறே?"

"எதுக்கா? உங்க மொட்டை டேப்புக்குத்தான்."

"இது புது டேப்பு. தம்பி அன்னிக்கு வந்தப்போ வாங்கிட்டு வந்தானே. அக்கா கத்துறதுக்கு ஒரு காரணமாவது குறையட்டும்னு சொல்லிக் கொடுத்தான்."

டேப்பின் முனையில் பளபளவென்று ஒரு கொக்கி இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தொழிற்சாலையில் அவர் என்ன சொன்னார்? நூற்று நாற்பத்தெட்டு. அவர் குரல்கூட நினைவுக்கு வந்தது. என் கை எழுதியது நூற்று முப்பத்தெட்டு. அது மட்டுமா? அறையின் நீளத்தில் பத்து, ஜன்னலில் பத்து, அந்தத் தாளில் இருந்த ஒவ்வோர் எண்ணிலும் பத்து போயிருந்தது. அவன் ஒரு மயிரிழைகூட மாற்றாமல் நான் எழுதியதைக் கட்டியிருக்கிறான். நான் அவனை நாலு பேர் முன்னால் நாயை விரட்டுவதுபோல விரட்டியிருக்கிறேன்.

"ஐயோ, நான்தான்" என்றேன். "நான்தாங்க கழிச்சிட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கிரேன்காரர் வழியைவிட்டு நகர்ந்தார்.

தம்பி திரும்பி வந்துகொண்டிருந்தான். கையில் சம்மட்டி.

என் உயிர் என்னிடம் இல்லை. கட்டினதை உடைத்துப் போட்டுவிட்டுப் போகத்தான் வருகிறான் என்று நினைத்தேன். உடைக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு என்றும் தோன்றியது. "மாப்ள, வேணாம், பொறு" என்று இவர் குறுக்கே ஓடினார். அவன் இவரைத் தோளைப் பிடித்து மெதுவாக ஓரமாக நிறுத்தினான். வாசலின் வலது ஓரத்தில் சம்மட்டியை ஓங்கி இறக்கினான்.

பூச்சு உதிர்ந்தது. செங்கல் உடையவில்லை. முழுசு முழுசாகச் சரிந்து விழுந்தது, இரண்டு, நான்கு, பத்து. ஒன்றில்கூடச் சிமெண்டு இல்லை. வெறும் மண்ணை வைத்து அடுக்கி, மேலே மெல்லிசாகப் பூசியிருந்தான். கீழிருந்து மேல்வரை ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் கழன்று வந்தது. வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டல் அசையவே இல்லை. அதை அந்த ஒரு சாணையும் தாண்டி நீளமாகப் போட்டு, உள்ளே தள்ளியிருந்த சிமெண்டுச் சுவரில் உட்கார வைத்திருந்தான்.

மழை இரண்டு சொட்டு விழுந்தது.

"தள்ளுங்க" என்றான். நான்கு பேரும் தள்ளினார்கள். மெஷின் எங்கும் உரசாமல் உள்ளே போய்விட்டது.

நான் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

"மாமாவோட மெஷினை நான் பாத்திருக்கேன்ல, வாசல் பத்தாதுன்னு தோணுச்சு. உங்கிட்ட சொன்னா திட்டுவே. அதான் ஒரு ஓரத்தை மட்டும் மண்ணுல வெச்சேன். நீ எழுதினது சரின்னா, அப்புறமா எடுத்துட்டு சிமெண்டுல வெச்சிருப்பேன்."

"இவ்வளவு நேரம் திட்டுனேனே, சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா."

"பேச விட்டியாக்கா?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். மதிலுக்கு மேல் இருந்த தலைகள் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். "தப்பு என்னோடதுடா, தாள்ல தப்பா எழுதினது நான்" என்று அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"சரி விடு, ஜன்னல்ல காத்து கொஞ்சம் கம்மியா வரும். தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனான்.

போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் உள்ளே போனேன். அவன் தண்ணீர் குடிக்கவில்லை. மேடைக்குக் கீழே கிடந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் இரண்டு பாதம் பட்ட இடமும் அதில் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ரெண்டு வருஷமும் இது மேல நின்னா சமைச்சே?"

அவன் கொல்லைக்குப் போய் என் வீட்டுக்காரரிடமிருந்து டேப்பை வாங்கிவந்தான். பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"இங்க வந்து வெறும் தரையில நில்லு. முழங்கையை மடக்கு."

நின்றேன். என் காலடியில் அவ்வளவு உயரமும் மடங்கி உட்கார்ந்து, டேப்பின் கொக்கியைத் தரையில் வைத்து முழங்கைவரை இழுத்தான். இடது கையால் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"தொண்ணூத்தி ரெண்டு. எழுதிக்கோ."

எழுதினேன். எழுதியதை அவனிடம் காட்டினேன்.