ஐந்தடி ஐந்து அங்குலம்

போலீஸ் வேலைக்கு என்னை அளந்தது செவ்வாய்க்கிழமை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை என்கிறாள் என் மனைவி. நான் அன்று நீலச் சட்டை போட்டிருந்ததாக ஞாபகம். உங்களிடம் அப்போது நீலச் சட்டையே கிடையாது என்கிறாள். ஆகவே இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு நானே பிற்பாடு சேர்த்துக்கொண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்குலக் கணக்கில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

எங்கள் பகுதிக்கு அதுவரை போலீஸ் கிடையாது. கடைக்காரர்கள் வைத்துக்கொண்ட காவல்காரர்கள் இருந்தார்கள். அவரவர் முதலாளியின் பூட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார்கள். பக்கத்துக் கடை உடைபட்டால் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். புதிதாகப் படை தொடங்குகிறார்கள், இருபத்திரண்டு பேர் தேவை, உயரம் குறைந்தது ஐந்தடி ஆறு அங்குலம் என்று அறிவிப்பு வந்தது. நான் அப்போது மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். தேர்வுக்குப் போக மேஸ்திரியிடம் ஒரு நாள் விடுப்பு கேட்டேன். "ஒரேயடியா போயிடு" என்றார். போய்விட்டேன். வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம்.

தேர்வு ஒரு பழைய கிடங்கில் நடந்தது. மேசை வந்திருந்தது, நாற்காலி வந்திருந்தது, பதிவேடுகூட வந்திருந்தது. உயரம் அளக்க மட்டும் எதுவும் வரவில்லை. எழுத்து வேலைக்கு வந்திருந்த ரைட்டர் தெருவைத் தாண்டிப் போய் தையற்கடையில் இரண்டு கஜ டேப் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். சுவரோரமாக நிறுத்தி ஒவ்வொருவராக அளந்தார். என் முறை வந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அஞ்சடி ஆறு. சொல்லி வெச்ச மாதிரி ஆறு. மூச்ச விடுய்யா, செத்துகித்துத் தொலையாத" என்றார்.

சீருடை தைத்ததும் அதே தையற்காரர்தான். அளவெடுக்கப் போனபோது, ரைட்டர் கொடுத்த பட்டியலை அவர் ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"தம்பி, அவரு என் டேப்ப நேரா தரையில வெச்சா அளந்தாரு?"

"ஆமாண்ணே."

"அதுல முன்னாடி ஒரு இன்ச் பிஞ்சுபோய் வெட்டி விட்டுட்டேன். நான் அளந்தா மனசுலயே ஒண்ணு கழிச்சுக்குவேன். வருஷக்கணக்காச்சு. சொல்லிட்டுக் குடுக்கணும்னே தோணல பாரு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்களா அளந்தீங்க? நிக்கச் சொன்னாங்க, நின்னீங்க" என்றாள். சொன்னாளே தவிர, அன்று அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் சீருடையில் நடந்தேன். திருடிய பொருளை உடுத்தியிருப்பது போலவே இருந்தது. பிறகு ஒரு காலை, தலைமையிடத்திலிருந்து அதிகாரி வந்தார். கூடவே அங்குலம் செதுக்கிய புத்தம்புது மரக்கோல் ஒன்றும் வந்தது. முதலில் ஏட்டையாவை நிறுத்தினார்கள். நாங்கள் அவருக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தோம். ஒட்டகத்துக்கே ஒரு அங்குலம் குறைந்தது.

"வேலைக்குச் சேந்தா மனுஷன் தேய்வான்னு தெரியும்யா. ஒரு மாசத்துலயேவா?" என்றார் ஏட்டையா.

ஆறாவது ஆளை அளந்ததும் அதிகாரி நிமிர்ந்தார். "எல்லாருக்கும் அதே ஒரு இன்ச். யார் அளந்தது?"

ரைட்டர் எழுந்தார். அவர் பேசுவதற்குள், மூலையில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தையற்காரர் முன்னால் வந்துவிட்டார்.

"டேப் என்னுதுங்கய்யா. பழுதுன்னு சொல்லாம குடுத்துட்டேன். தப்பு என்னுது."

"பாக்காம வாங்குனது நான்தாங்கய்யா" என்றார் ரைட்டர்.

"ஒரு தப்புக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கறத இப்பத்தான் பாக்கறேன்" என்றார் அதிகாரி. மீதிப் பேரையும் அளக்கச் சொன்னார். எட்டுப் பேர் தேறவில்லை. எட்டில் நான் ஒருவன்.

எட்டுப் பேரும் வரிசையாக நின்றோம். அவர் தினசரிக் குறிப்பேட்டை வாங்கி, நின்றபடியே அந்த மாதம் முழுவதையும் படித்தார். ஆடு காணாமல் போனது, கிடைத்தது. ஒரு சுவருக்காக அண்ணன் தம்பி சண்டை, விலக்கப்பட்டது. மரப்பாலம் உடைந்தது, வண்டிகள் மறிக்கப்பட்டன. என் கண் முன்னால் மேஸ்திரியின் முகம் வந்தது.

"மரப்பாலம் உடைஞ்ச அன்னிக்கு வண்டிங்கள மறிச்சு நின்னது யாரு?"

"நான்தாங்கய்யா" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும்."

"தனியாவா?"

"ஆமாங்கய்யா. மாத்த ஆள் வரல."

குறிப்பேட்டை மூடினார். "எட்டு பேரும் சீருடையக் கழட்டிடுங்க. வேலைய விடாதீங்க. நான் மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறேன்."

ஒன்பது நாள் சொந்தச் சட்டையில் காவல் நின்றோம். சந்தையில் கீரை விற்கும் அம்மா, "சட்டை எங்கய்யா?" என்று கேட்டார். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். "நல்லாத் துவைக்கறாங்க போ, வாரக்கணக்கா" என்றார். ஆனால் ஓரமாகப் போகச் சொன்னபோது, முன்பு போலவே போனார். அது எனக்குப் போதுமாயிருந்தது என்று சொன்னால் பொய். நாள் முழுவதும் தபால்காரர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. இப்பகுதிப் படைக்குக் குறைந்தபட்ச உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இப்போது அந்தப் படைக்கு அச்சில் வரலாறு வந்துவிட்டது. 'இப்பகுதி மக்களின் உடல்வாகை ஆராய்ந்து உயர வரம்பு தளர்த்தப்பட்டது' என்று அதில் போட்டிருக்கிறார்கள். யாரும் யாருடைய உடல்வாகையும் ஆராயவில்லை. ஒரு மனிதர் நின்றுகொண்டு ஒரு நோட்டைப் படித்தார், அவ்வளவுதான். அவருக்கு நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் அடுத்த வருடமே மாற்றலாகிப் போனார். பிறகு அவரைப் பற்றிக் கேள்விப்படவில்லை. ரைட்டர் ஓய்வுபெற்ற நான்காம் மாதம் இறந்தார். ஏட்டையா மகன் வீட்டுக்குக் குடிபோனார், தொண்ணூறு வயதுவரை இருந்தார். தையற்காரருக்குக் கண் மங்கிவிட்டது. கடையை அவர் மருமகள் நடத்தினாள். எட்டுப் பேரில் மூன்று பேர் மிச்சம். நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அப்போது பிறந்த மகள் வேறு ஊரில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். என் மனைவி இருக்கிறாள். முன்னறையில் ஜன்னல் கதவு மழைக்கு உப்பித் திறக்க மாட்டேன் என்கிறது. அதைத் தோளால் தள்ளிக்கொண்டிருக்கிறாள்.